ரங்கூன் நோட்டு

கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.

குளிப்பாட்டி, பெஞ்சில் கிடத்தி, நெற்றியில் விபூதி பூசிய பிறகு யாரோ கருத்தக்கண்ணனின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டால் ஆளை அடையாளமே தெரியவில்லை என்றார்கள் மில் தொழிலாளிகள். நெருப்புக்குப் போகிறவனுக்குக் கண்ணாடி எதற்கு என்றார்கள் கப்பலூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள். சாவு வீட்டில் ஆளுக்கொரு நாட்டாமை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி இரண்டு பக்கத்தையும் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவளே கை நீட்டிக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். துடைக்க வேண்டிய அவசியம் இல்லை. முப்பது வருடமாகத் துடைத்துக் கொடுத்த கை, அதுபாட்டுக்குத் துடைத்தது.

புருஷன் போனது விடியற்காலையில். முந்தின நாள் சாயங்காலம் வாசகசாலையிலிருந்து வந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்தார். வாயு என்று சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தார். பால்காரன் வந்து கதவைத் தட்டியபோது அவர் இல்லை.

ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த அந்த வாசகசாலையில் கருத்தக்கண்ணன் இருபத்திரண்டு வருடம் அட்டெண்டராக இருந்தார். அதனால்தான் ஆரப்பாளையத்துச் சந்துக்குள் இவ்வளவு கூட்டம். பெஞ்சைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். எதிர்ச்சாரியில் சுவரோரமாக வாசகசாலைக் கூட்டம்: மில்லில் நூல் நூற்கிறவர்கள், ஜட்கா வண்டிக்காரர்கள், வண்டியூரிலிருந்து நடந்தே வந்த பெண்கள் நாலைந்து பேர். சங்கு ஊதுகிறவன் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தான்.

செத்தவரின் அண்ணன் காளை, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சொந்தத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"கொள்ளிய எம் மகன் மருது வைக்கட்டும். பெத்த மகன் கடலுக்கு அங்கிட்டுக் கெடக்கான், வேற என்ன செய்ய முடியும்? ஆனா சாம்பல மட்டும் ஆத்துல விடப்படாது. பானையில எடுத்து நம்ம கெணத்து மேட்டுப் புங்க மரத்துல கட்டி வச்சிருவோம். தவசி வந்து அவன் கையால கரைக்கட்டும்."

அவர்கள் வகையறாவில் அதுதான் வழக்கம். வெளிதேசம் போன மகன் உயிரோடு இருக்கிறவரை தகப்பன் சாம்பலை அடுத்தவன் கரைக்கக் கூடாது. காளையின் சித்தப்பா சாம்பல் இப்படித்தான் பதினோரு மாதம் மரத்தில் தொங்கி, பினாங்கிலிருந்து மகன் வந்த பிறகு ஆற்றுக்குப் போனது.

"ரங்கூனுதான் சித்திரையிலயே வெள்ளக்காரனுக்குத் திரும்பக் கெடச்சிருச்சே. கப்பல் ஓட இன்னும் எம்புட்டு நாளாகப் போகுது? பய வந்து, 'எங்கப்பன் எங்க'ன்னு கேட்டா, இந்தாடான்னு காட்ட அதாவது வேணாமா?" காளை தோள்துண்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி மகன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

அந்த நேரத்தில்தான் அன்னக்கொடி எதிர்ச்சாரியைப் பார்த்தாள். வாசகசாலைக் கூட்டம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டிருந்தது. ஒருத்தராவது நிமிர்ந்து காளையைப் பார்க்கவில்லை. வண்டியூர்ப் பெண் ஒருத்தி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, என்று அன்னக்கொடி நினைத்தாள்.

தவசி செத்து மூன்று வருடமாகிவிட்டது. அது அன்னக்கொடிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது மட்டும், சேதி சொன்னவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, இப்போது பெஞ்சில் கிடக்கிறவர் உட்பட.

"சின்னாத்தா என்ன சொல்லுதுன்னு கேளுடா," என்றார் காளை மகனிடம். மூத்தாரும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மருது குனிந்து, "என்ன சின்னாத்தா?" என்றான். அன்னக்கொடி மடியிலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, குயவர் வீட்டிலிருந்து மூடி போட்ட பானை வாங்கிவர ஆள் அனுப்பினார்கள்.

வாசகசாலை என்றால் வக்கீல்களும் வாத்தியார்களும் சந்தா கட்டிப் படிக்கிற இடம். உள்ளே பேசக்கூடாது. யாராவது இருமினால் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆனால் அதன் பின்பக்க வராந்தா வேறு தேசம். பெரிய மனிதர்கள் படித்து முடித்த தமிழ்ப் பத்திரிகையைச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கருத்தக்கண்ணன் அங்கே கொண்டுபோய், எழுத்துத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். நடுக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும் என்று காரியதரிசி வக்கீல் சம்மதம் கொடுத்திருந்தார். யுத்தம் வந்த பிறகு காகிதப் பஞ்சத்தில் பத்திரிகை இளைத்துக்கொண்டே போனது, வராந்தாவில் கூட்டம் பெருத்துக்கொண்டே போனது.

நாற்பத்தொன்றாம் வருடம் மார்கழியில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. மதுரையைச் சுற்றி எந்த ஊரைத் தொட்டாலும் பர்மாவில் ஒரு மகனோ மருமகனோ இருந்த காலம். தவசி அங்கே அரிசி மில்லில் இருந்தான். போய் நாலு வருடம். தபால் நின்றுபோனது. கப்பல் இல்லை. காட்டையும் மலையையும் கால்நடையாகக் கடந்து வந்தவர்கள் பங்குனி வாக்கில் வீங்கிய பாதங்களோடு ரயிலடியில் இறங்க ஆரம்பித்தார்கள். பத்திரிகையில் எந்த ஊர் விழுந்தது என்று போடுவார்கள். எந்த வீட்டுப் பிள்ளை விழுந்தான் என்று போடமாட்டார்களே.

அதற்குத்தான் கருத்தக்கண்ணன் ஒரு வேலை செய்தார். புத்தகப் பட்டியலுக்காக வாங்கி வைத்திருந்த பெரிய நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, நாலு கட்டம் கோடு போட்டார். பெயர், ஊர், கடைசியாகப் பார்த்த இடம், என்ன ஆனார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஜட்காக்காரர்கள் நேரே வராந்தாவுக்கு ஓட்டிவருவார்கள். தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, வழியில் யார் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதுவார். மேலூர் என்ன, வண்டியூர் என்ன, இருபது மைல் சுற்றளவில் எல்லாரும் அந்த நோட்டைக் கேட்க வந்தார்கள். ரங்கூன் நோட்டு என்று பெயரே வந்துவிட்டது.

நல்ல சேதியை வராந்தாவிலேயே உரக்கப் படிப்பார். மற்ற சேதியைப் படிக்கமாட்டார். சம்பந்தப்பட்டவர்களை மட்டும், கூட்டம் கலைந்த பிறகு, நடுக்கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போவார். வக்கீல்கள் உட்காருகிற பிரம்பு நாற்காலியில் உட்காரச் சொல்வார். சம்சாரிகளும் கூலிக்காரர்களும் வாழ்நாளில் உட்கார்ந்திராத நாற்காலி. உட்காரச் சொன்னதுமே அவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும். சிலர் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அழுது முடிகிற மட்டும் அவர் பக்கத்தில் நின்றிருப்பார். அந்த வருடம் நாற்பது ஐம்பது பேரையாவது அப்படி உட்காரவைத்திருப்பார்.

அன்னக்கொடியை மட்டும் அவர் உட்காரவைக்கவேயில்லை.

அவளுக்கு அந்தச் சேதி சந்தையில் கிடைத்தது. ஆனி மாதம், கத்தரிக்காய்க் கடைக்கு முன்னால். மேலூர்ப் பக்கத்துச் சோணையம்மாள் என்று ஒருத்தி, பர்மாவிலிருந்து நடந்து வந்தவள், விளக்குமாறு கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். யாரோ அன்னக்கொடி என்று கூப்பிட்டதைக் கேட்டு எழுந்து வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீதானத்தா தவசி ஆத்தா? எம் மடியிலதான் தலைய வச்சிருந்தான். கழிச்சலு கண்டுருச்சு, ரெண்டு நாளு. மலையடிவாரத்துலயே மண்ண அள்ளி மூடிட்டு வந்தோம். ஒம் பேரத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தான்." பிறகு, "போன மாசம் லைப்பரியில எழுதச் சொன்னேன். எழுதிக்கிட்டு இருந்தவரே தகப்பன்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்னக்கொடி கத்தரிக்காயை வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். அழுதாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. வெயில் இறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு புருஷன் வரவுக்குக் காத்திருந்தாள். ஒரு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கியது இந்த மனிதனுக்கு? வந்ததும் வாயைத் திறந்து சொல்வார் என்று இருந்தாள். அவர் காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சேதி ஏதும் உண்டா?" என்றாள். எப்போதும் கேட்பதுதான்.

"ஒண்ணுமில்ல புள்ள."

அந்த இடத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று கெட்டிப்பட்டுவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நாற்காலி போடுகிறவருக்குப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. சரி, அவர் வாயால் வருகிற மட்டும் தானும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். கேட்கும்போது அவர் முகம் ஒரு சுற்றுச் சிறுத்துப்போகும். அது அவளுக்கு வேண்டியிருந்தது. இதை யாரிடமும் ஒத்துக்கொள்ள முடியாது, ஆனால் உண்மை. தீபாவளிக்குத் தவசிக்கும் ஒரு இலை போட்டாள். துணிக் கட்டுப்பாடு வந்தபோது, "பய வந்தா உடுத்த ஒரு வேட்டியாச்சும் சொல்லி வைங்க," என்றாள். வாசகசாலை வராந்தாவுக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து நோட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி வாசிப்பார். ஒரு இடத்தில் குரல் லேசாக இடறும். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வருடம் போனதும் கோபம் தணிந்துவிட்டது. ஆனால் கேள்வி நிற்கவில்லை. திடீரென்று நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று வரும், இத்தனை நாள் தெரிந்துகொண்டே கேட்டாயா என்று வரும். புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. அவரும் வற்றிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் ஒரே மகனுக்கு, ஒரே வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதார்கள். அவள் அடுப்படியில் அழுதாள். அவர் எங்கே அழுதாரோ.

நேற்றுச் சாயங்காலம் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்தபோது இன்றைக்குக் கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். சுக்குத் தண்ணீரைக் கையில் கொடுக்கும்போது பழக்கம் முந்திக்கொண்டது. அவர் டம்ளரை வைத்துக்கொண்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இல்ல," என்றார். அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

பதினோரு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். மகன் முகத்தைப் பார்க்காமலே போகிறாரே என்று கப்பலூர்ப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அன்னக்கொடி தெருமுனை வரை போய் நின்றாள். தத்தனேரிச் சுடுகாட்டுக்கு ஆற்றைக் கடந்து போக வேண்டும். கொட்டுச் சத்தம் தேய்ந்து, கேட்காமல் போகிற மட்டும் நின்றுவிட்டு வந்தாள்.

ஆண்கள் குளித்துவிட்டு மத்தியானம் திரும்பினார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் வாசகசாலைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெயக்கொடி மட்டும் கொல்லைப்பக்கம் தயங்கித் தயங்கி நின்றான். வாசகசாலையில் புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிறவன். கருத்தக்கண்ணனைக் கூடப்பிறந்த அண்ணனாகவே நினைத்திருந்தான். கக்கத்தில் ஒரு பெரிய நோட்டு.

"மதினி, நாளையில இருந்து நான்தான் வாசிக்கணுமாம். வக்கீலய்யா சொல்லிட்டாக," என்றான். "ரங்கூனுல இருந்து ஆளுக வர ஆரம்பிச்சா மறுபடி கூட்டம் கூடும். அதுல ஒரு எடத்துல…" நிறுத்திவிட்டான்.

அன்னக்கொடி வாளியைக் கீழே வைத்தாள். "அந்த வராந்தாவுல எல்லாருக்கும் தெரியுமா?"

ஜெயக்கொடி கக்கத்து நோட்டை இறுக்கிக்கொண்டான். "என்னது மதினி?"

"தவசி செத்தது."

வேப்பமரத்தடியில் எச்சில் இலைக்குக் காகங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஜெயக்கொடி நோட்டைத் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"அந்த மேலூரம்மா வந்த அன்னைக்கு வராந்தாவுல முப்பது பேருக்கு மேல இருந்தோம். வரிசையாச் சொல்லிக்கிட்டே வந்துச்சு. அண்ணே எழுதிக்கிட்டே வந்தாக. 'கப்பலூருத் தவசி, கருத்தக்கண்ணன் மகன், போயிட்டான்'னுச்சு. அதுக்கு யாருகிட்டச் சொல்றோம்னு தெரியாது. எங்களுக்கெல்லாம் மூச்சே நின்னு போச்சு. அண்ணே பேரு எழுதுனாக. ஊரு எழுதுனாக. பாத்த எடம் எழுதுனாக. நாலாவது கட்டத்த விட்டுட்டு, 'அடுத்து யாரும்மா?'ன்னாக. அதுக்கப்புறமும் ஏழு பேரு இருந்தாக. ஏழையும் எழுதி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சாக."

நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினான். அன்னக்கொடிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மேலேயும் கீழேயும் நிரம்பியிருந்த கட்டங்களுக்கு நடுவில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது தெரிந்தது.

"எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டாக. அவளுக்கு நானே சொல்றேன், நீங்க யாரும் சொல்லிராதீங்கன்னாக."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். முப்பது பேர் மூன்று வருடம் மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முன் வரிசையில் தனக்கு எப்போதும் ஏன் இடம் விட்டார்கள் என்று அன்னக்கொடிக்கு இப்போது புரிந்தது.

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன் மதினி. எத்தன நாளைக்குண்ணே இப்படின்னு." ஜெயக்கொடி தரையைப் பார்த்தபடி சொன்னான். "'தெனம் சாயங்காலம் சேதி உண்டான்னு கேக்குறா ஜெயக்கொடி. கேக்குற மட்டும் அவளுக்கு மகன் இருக்கான். என்னைக்காச்சும் ஒரு நா கேக்காம விடுவா. அன்னைக்கு அவ மனசே ஒத்துக்கிருச்சுன்னு அர்த்தம். அன்னைக்குச் சொல்லிர்றேன்'னாக. ரெண்டு தடவ, இன்னைக்கு அவளக் கூட்டியாரேன்னு சொல்லிட்டுக்கூடப் போனாக. நான் நடுக்கதவத் தெறந்து, நாற்காலியத் தொடச்சுப் போட்டு வச்சிருந்தேன். இருட்டுற மட்டும் பாத்தேன். வரல. மறுநா கேட்டா, 'வீட்டுக்குள்ள கால வைக்கையிலயே கேட்டுட்டாடா'ன்னாக."

அன்னக்கொடி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நா கேக்காம இருந்தாப் போதும்னா சொன்னாக?"

"ஆமா மதினி."

போன வருடம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். மூன்று சாயங்காலமும் அவர் வேலைக்குப் போகாமல் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அன்னம்," என்று ஆரம்பித்தார். காய்ச்சலில் தளர்ந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள்தான் முந்திக் கேட்டாள். அவர் நெற்றித் துணியை நனைத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் சொல்லட்டும் என்று இவள் இருந்தாள். இவள் கேட்காமல் விடட்டும் என்று அவர் இருந்தார். ஒரே ஒரு சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் போட்டிருந்தால் போதும். மூன்று வருடத்தில் எத்தனை சாயங்காலம்! ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

இதைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை. சொல்ல வேண்டிய ஆளை இப்போதுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அந்தக் கட்டத்த நான் நிரப்பணுமா மதினி?" என்றான் ஜெயக்கொடி.

"எழுது," என்றாள். "ஓங் கையெழுத்து நல்லாருக்கும்ல?"

அவன் தலையை ஆட்டினான். நோட்டை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போனான்.

மறுநாள் காலை காடாற்றுக்குக் காளையும் மருதுவும் இன்னும் நாலு பேரும் தத்தனேரிக்குப் புறப்பட்டார்கள். பெண்கள் அதற்குப் போவதில்லை. பாலம் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்த மருது, சின்னாத்தா பின்னால் வருவதைக் கண்டான். காளைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவளை நடுரோட்டில் நிறுத்தி என்ன சொல்வது? முன்னால் நடந்தார்.

பால் தெளித்தார்கள். மருது எலும்பைப் பொறுக்கிக் கழுவிப் பானையில் போட்டு, மேலே சாம்பலை அள்ளினான். புதுப்பானை, வாயில் மஞ்சள் தடவியிருந்தது. காளை தானே மூடியை வைத்து மஞ்சள் துணியை எடுத்து வாயைக் கட்டப் போனார். கப்பலூர் மாட்டு வண்டி மேட்டில் காத்திருந்தது.

"மருது, கட்ட வேணாம். ஆத்துக்குக் கொண்டு போ," என்றாள் அன்னக்கொடி.

காளை மகனைப் பார்த்தார். "என்னடா சொல்லுது? தவசி வந்து கேட்டா நாம என்ன பதில் சொல்றது?"

மருது வாயைத் திறப்பதற்கு முன்னால் அன்னக்கொடி நேராகக் காளையைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவை.

"அவன் வரமாட்டான்."

காளையின் கையில் மஞ்சள் துணி அப்படியே நின்றது. அவர் பழைய மனிதர், ஒரு சொல்லை இரண்டாவது தடவை கேட்கிறவர் இல்லை. அவரும் அவளைப் பார்த்தே கேட்டார்.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"அவுகளுக்கு மூணு வருசமாத் தெரியும். எனக்கு அதுல ஒரு மாசம் கம்மி."

"ஒரே வீட்டுலயா?"

காளை துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பானையைத் தூக்கி மகன் தோளில் வைத்தார்.

ஆனி மாதத்து வையையில் எங்கே பார்த்தாலும் மணல்தான். நடு ஆற்றில் கணுக்கால் அளவுக்கு ஒரு நீரோட்டம், எருமைகள் படுத்துக் கிடந்த பக்கமாக வளைந்து போனது. மருது அதில் இறங்கித் தெற்கே பார்த்து நின்றான். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் நின்றார்கள்.

"பேரச் சொல்லிக் கரைக்கணும்," என்றார் காளை. "சின்னய்யா பேரச் சொல்லுடா."

"மொதல்ல தவசி பேரச் சொல்லு," என்றாள் அன்னக்கொடி. "அவன்தான முன்னால போனவன்."

மருது தவசியின் பெயரைச் சொன்னான். பிறகு சின்னய்யாவின் பெயரைச் சொன்னான். பானையைக் கவிழ்த்தான்.

தண்ணீரில் இழுப்பு இல்லை. சாம்பல் போகாமல் அங்கேயே நின்று, மருதுவின் காலைச் சுற்றிப் படர்ந்தது. அன்னக்கொடி சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாகப் போய்க் குந்தினாள். குறுக்கே மேடிட்டிருந்த மணலை இரண்டு கையாலும் பறித்து ஒதுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்த காளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அவரும் மணலைப் பறிக்க ஆரம்பித்தார்.